சந்தனமா, தைலமரமா: நான்கு பரப்புக் காணியில் போட்ட கணக்கு

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் குடும்பத்துக்குள்ள நான்கு பரப்புச் (கால் ஏக்கர்) செம்மண் காணியில் வாசனை எண்ணெய் தரும் மரம் வைப்பதென்று முடிவானபோது, சந்தனம், எலுமிச்சை மணமுடைய தைலமரம் ஆகிய இரண்டுமே எங்கள் முன் நின்றன. அகிலையும் சிலர் சொன்னார்கள். மழைக்காலம் சில மாதங்களோடு முடிந்துவிடும் எங்கள் மண்ணுக்கு அது ஒவ்வாது என்று உடனே விட்டுவிட்டோம். நான் தைலமரத்தையே வைத்தேன்.

சந்தனத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. தீமோரின் சுண்ணக்கல் நிலத்தில் இயற்கையாக வளரும் மரம் அது. பிற செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்வதால் அதற்குத் துணைச்செடி வேண்டும். நாற்றுப் பையில் பொன்னாங்காணியும் காணியில் அகத்தியும் அதற்குப் போதும், இரண்டும் நம் வளவுகளில் உள்ளவை. ஆனால் எண்ணெய் வைரத்தில்தான், அதாவது மரத்தின் நடுவே முதிர்ந்த கட்டையில்தான், இருக்கிறது; வைரம் பாய 15 ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பனைக்கு இரவுக் காவல் தேவையில்லை, சந்தனத்துக்குத் தேவை.

தைலமரத்தை இரண்டாம் ஆண்டிலிருந்தே இலைக்காக வெட்டலாம். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பச்சை இலையின் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் எண்ணெய் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி சிற்றோனெலால் என்ற, எலுமிச்சை மணம் தரும் சேர்மம். சீனாவும் பிரேசிலும் பெருமளவில் காய்ச்சும் எண்ணெய் என்பதால் கிலோ விலை சந்தன எண்ணெயின் அருகில்கூட வராது.

அப்படியிருந்தும் இதைத் தெரிவுசெய்ததற்குக் காரணம், இலையை நீராவியில் காய்ச்சி எண்ணெய் பிரிக்கும் வடிப்பின் செலவை நம் கிணற்றோடு சேர்த்துப் பார்த்ததுதான். இலை எண்ணெயில் உண்மையான செலவு மரத்தில் இல்லை, நீராவியில் இருக்கிறது. நீராவி குளிர்ந்து ஒரு லீற்றர் வடிநீராக இறங்க, ஏறத்தாழ 30 லீற்றர் குளிர்நீர் வேண்டும்; அது 20 பாகை செல்சியஸ் சூடேறி வெளியேறும். 100 கிலோ இலைக்கு 50 லீற்றர் வடிநீர் என்று வைத்தாலும் 1,500 லீற்றர் ஆகிறது. மழையால் மட்டுமே நிரம்பும் சுண்ணக்கல் நிலத்தடி நீரை இப்படி வீணாக்குவது எனக்கு ஒப்பாத காரியம். ஆகவே வெங்காயத்துக்கு இறைக்கும் நாளில் மட்டுமே காய்ச்சுகிறேன்: கிணற்று நீர் முதலில் குளிரூட்டும் சுருளைச் சுற்றி, தொட்டியில் தங்கி ஆறி, பிறகு வாய்க்காலில் இறங்குகிறது. வடிப்புக்கென்று தனியாக இறைப்பதில்லை. கொதிகலனுக்குள் மழைநீரையே விடுகிறேன்; கிணற்று நீர் விட்ட முதல் மாதங்களில் அடியில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டியெடுக்கவே ஒரு நாள் போனது. எண்ணெய் பிரித்த நீரைத் திரும்ப உள்ளே விடுவதால் மழைநீரும் குறைவாகவே செலவாகிறது. காய்ச்சி முடிந்த இலையை உலர்த்தி எரிப்பதால் விறகு வாங்குவது வெகுவாகக் குறைந்தது. சந்தன வைரத்தையோ இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் காய்ச்ச வேண்டும். அந்த அடுப்பை ஒரு வீட்டார் தாங்க முடியாது, மரத்தை மரமாகவே விற்க நேரிடும்.

தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சும் என்ற அச்சம் நியாயமானது. இடுப்பளவில் வெட்டிவைப்பதால் என் மரங்கள் குறைவாகக் குடிக்கும் என நம்புகிறேன். ஆனால் மூன்று ஆண்டு அனுபவத்தைக் கொண்டு அதை உறுதியாகச் சொல்ல முடியாது. கல் மேலாக உள்ள மூலையில், சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல், துளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளித்து நிற்கின்றன. மண் ஒரு முழம்கூட ஆழமில்லாத காணி உடையவர்களுக்கு என் தெரிவை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே சந்தனத்துக்கே வாய்ப்பு அதிகம்.