₹22,500 போச்சு: ஒரே நாளில் கடல் தொட்டி ஆக்கித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

நேற்று ராத்திரி இரண்டாவது கோமாளி மீனும் செத்துவிட்டது. அதைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறப் போட்டால் பாதியை எழுதாமல் விட்டுவிடுவேன். அதனால் இப்போதே.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. ஆறு வருடமாக ஒரு மூன்றடி நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 130 லிட்டர். ஏஞ்சல் பத்து, டெட்ரா ஒரு கூட்டம், அடியில் நாலு கோரி. மகளுக்குக் கோமாளி மீன் ஆசை. தொட்டியைக் கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியாக மாற்ற முடியுமா என்று ஒரு அலங்கார மீன் கடையில் கேட்டேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. ஆறு வருடமாக நான் தீனியும் மருந்தும் வாங்கிய கடை அது, அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைக்காரர் மறுநாளே வீட்டுக்கு வந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்தார், அம்மா கொடுத்த சுக்குக் காப்பியைத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தார். "கடல் தண்ணிக்கு உப்பு பாக்கெட் வாங்கணும், நாலஞ்சு வாரம் மீன் இல்லாம ஓட விடணும்னு படிச்சேனே" என்றேன். சிரித்தார். "அதெல்லாம் கடல் இல்லாத ஊர்க்காரங்களுக்கு சார். நமக்குக் கடல் கொல்லைப்புறத்துல கிடக்கு. எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. கடல் தண்ணியை நாக்குல வச்சே உப்பு சொல்லிருவேன். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் உங்க பாப்பா நீமோ பாக்கும்."

என் அப்பாவும் சங்கு குளித்தவர். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். பில் வேண்டும் என்று கேட்கவே வாய் வரவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல இருக்கும் என்று நினைத்தேன். அங்கேயே போனில் ₹22,500 அனுப்பினேன். லைட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுப்பது), வேவ் மேக்கர் (அலை எழுப்புவது), 20 கிலோ 'லைவ் ராக்' (நல்ல பாக்டீரியாவும் சிற்றுயிரும் குடியிருக்கும் கடல் கல்), இரண்டு கோமாளி, ஒரு கடல் சாமந்தி (கோமாளி மீன் ஒண்டியிருக்கும், பூப்போன்ற கடல் உயிர்), இரண்டு இறால், கூலி எல்லாம் சேர்த்து. என் ஏஞ்சல் பத்தையும் எடுத்துக்கொண்டு ₹1,500 கழித்துத் தருவதாகச் சொன்னார். அதுவும் வரவில்லை.

சொன்னபடி ஒரே நாளில்தான் செய்தார். பழைய தண்ணீரை இறைத்தார், பழைய கூழாங்கல்லைக் கழுவி அப்படியே போட்டார், பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சையும் மாட்டினார். "பாக்டீரியா ஏற்கெனவே இருக்கு சார், அதான் லேட் ஆகாது" என்றார். மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியாவைச் சொன்னார். தண்ணீர் நாலு கேன், வடகடல் கரையில் அள்ளியது. கார்த்திகை மழை கொட்டி ஓய்ந்த வாரம் அது. கேனிலேயே கலங்கல் தெரிந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் இறால் இரண்டும் கவிழ்ந்து கிடந்தன. ஐந்தாம் நாள் சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, கூழாகிவிட்டது. அந்த நாற்றம் வாசல் வரை அடித்தது. போன் செய்தேன். "செட் ஆக டைம் எடுக்கும் சார்." மறுநாள், "தீனி அதிகம் போட்டிருப்பீங்க." அதற்கு மறுநாள், "கரண்ட் போச்சா?" அப்புறம், "ஓனர் ராமேஸ்வரம் போயிருக்காரு, வந்ததும் பேசச் சொல்றேன்." ஓனரே இவர்தான்! ஏழாம் நாள் முதல் கோமாளி செத்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

இதற்குள் தெரிந்த பையனிடம் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் தண்ணீர் சோதிக்கும் டெஸ்ட் கிட்டும் இரவல் வாங்கினேன். பவளம், சாமந்தி வைக்கும் தொட்டிக்கு, நல்ல தண்ணீர் 1 என்றால், அடர்த்தி 1.025 வேண்டும். என் தொட்டியில் 1.017. மழைத் தண்ணீர் ஓடிக் கலந்த கரைத் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? நாக்கில் வைத்து உப்புச் சொன்னாராம்! அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் லிட்டருக்கு 4 மில்லிகிராம். நன்னீரில் வளர்ந்த பாக்டீரியா ஒரே நாளில் கடல் உப்புக்குள் தூக்கிப் போட்டால் வேலை செய்யாது. புதிதாகக் கடல் பாக்டீரியா குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீனின் கழிவு அப்படியே அம்மோனியாவாக நிற்கும். கடல் தண்ணீரின் பிஎச் (புளிப்பு-கார அளவு) 8.2 பக்கம், காரமாக, இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரை விடக் கடுமையான விஷம். அந்த இரண்டு மீனும் சாகும்வரை அதைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தன.

இறாலும் சாமந்தியும் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வருடம் ஏஞ்சலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது செம்பு கலந்த மருந்து சொட்டினேன். செம்பு கூழாங்கல்லில் படிந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். மீன் ஓரளவு தாங்கும். இறால், சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்கள் பெரும்பாலும் தாங்காது. அந்த மருந்தை எனக்கு விற்றதே இந்தக் கடைதான். தெரிந்தே அதே கல்லைக் கழுவிப் போட்டிருக்கிறார்.

எட்டாம் நாள் மச்சான் வந்தார், கடலுக்குப் போகிறவர். தொட்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மச்சான், இது பார்ல உடைச்ச கல்லு. காயப்போட்டு மறுபடி நனைச்சிருக்கானுங்க. யாரு குடுத்தா?" பார் என்றால் கடலடிப் பவளத் திட்டு. லைவ் ராக் என்று ₹7,000 வாங்கியது பவளக்கல்லுக்கு. காய்ந்த கல்லில் உயிரும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. உள்ளே செத்துக் கிடந்த பூச்சி புழு அழுகி அம்மோனியாவைக் கூட்டியதுதான் மிச்சம். அதைவிடப் பெரிய விஷயம், பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2001 முதல். எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகக் கல் உடைத்த கதையை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். தண்ணீர் சூடாகி 2010இலும் 2016இலும் பவளம் வெளுத்த பிறகு மிஞ்சியதைத்தான் இவர்கள் உடைத்து விற்கிறார்கள். என் வீட்டுக்கூடத்தில், என் காசில், அந்தக் கல்.

நேராகக் கடைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். கண்ணெதிரே இன்னொரு குடும்பத்திடம், "கடல் தண்ணி ப்ரீ சார், ஒரே நாள் வேலை" என்று அதே பேச்சு. அவர்கள் போனதும் பணத்தைக் கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. "எங்க வேணாலும் சொல்லுங்க சார். கல்லு உங்க வீட்டுலதான இருக்கு. பில்லும் இல்ல. முதல்ல யாரைப் புடிப்பாங்கன்னு யோசிச்சுக்கங்க."

₹22,500 போனதை விட இந்தப் பேச்சுதான் தூங்க விடவில்லை. கல்லை என் தலையில் கட்டியதே நாளைக்கு நான் வாய் திறக்கக் கூடாது என்றுதானோ என்று இப்போது தோன்றுகிறது. எத்தனை வீட்டில் இப்படி வாயை அடைத்து வைத்திருக்கிறாரோ.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், தலை ஓடவில்லை. முக்கியமானது மட்டும். பழைய கூழாங்கல், பழைய ஸ்பாஞ்ச் எதையும் கடல் தொட்டிக்கு எடுக்காதீர்கள். எப்போதாவது செம்பு மருந்து போட்ட தொட்டி என்றால் புதுத் தொட்டியே வாங்குங்கள். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு (சமையல் உப்பு அல்ல) கரைத்து, மீட்டரில் அளந்து பாருங்கள். அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற இன்னொரு விஷமும் பூஜ்யம் காட்டும் வரை மீன் வேண்டாம். ஒரு வருடம் ஓடாத தொட்டியில் சாமந்தி வேண்டவே வேண்டாம். கோமாளி வாங்கினால் தொட்டியில் பொரித்த குஞ்சா என்று கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே பொரிக்க வைத்திருக்கிறார்கள், கடலில் பிடித்தது தேவையில்லை. பவளம், பவளக்கல் எவர் கொடுத்தாலும் தொடாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள், அவர் தாத்தா எவராக இருந்தாலும் சரி.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லிவிட்டேன். பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன. கல் இருபது கிலோவும் கொல்லையில் சிமென்ட் தொட்டியில் கிடக்கிறது. காலையில் ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், இது என் வீட்டில் இருக்கிறது, இன்னார் விற்றார் என்று நானே சொல்லப் போகிறேன். மச்சானும் கூட வருகிறார்.