விசாட் இணைப்பில் நான்கு வருடம்: பயம் இடம் மாறிய கதை

கேபிள் எட்டாத ஒரு பணியிடத்தின் நெட்வொர்க்கை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். விசாட், அதாவது சிறு டிஷ் வழியே செயற்கைக்கோளிலிருந்து வரும் இணையம். மொட்டைமாடியில் டிஷ், கீழே மோடம், அதன் பின்னால் இருபது கணினிகள். வேகத்தைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பாதுகாப்பை மட்டும் சொல்கிறேன்.

முதல் மாதமே விபிஎன் (போகிற வருகிற தரவையெல்லாம் பூட்டி அனுப்பும் ஏற்பாடு) போட்டேன். எல்லாம் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. உதவி மையத்தில், "விபிஎன்னை எடுத்துடுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். எடுத்தேன், சரியாகிவிட்டது. ஏன் என்று புரியத்தான் நாளானது. எங்கள் இணைப்பு வரும் புவிநிலைச் செயற்கைக்கோள் (பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது) 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு பிங் (சோதனைச் செய்தி) போய்த் திரும்ப அரை விநாடிக்கு மேல் பிடிக்கும். அந்தத் தாமதம் தெரியாமலிருக்க, மறுமுனை பதில் சொல்லும் முன்பே மோடம் முந்திக்கொண்டு "வந்து சேர்ந்தது" என்று டிசிபிக்கு (தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து அனுப்பும் இணைய நெறிமுறை) சொல்லிவிடும். அதற்கு மோடம் ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) முன்பகுதியில் இருக்கும் தலைப்புக் குறிப்பைப் படித்தாக வேண்டும். விபிஎன் அதை மூடிவிடுகிறதே!

சரி, வேகமாக இருக்கிறதே என்று சில மாதம் அப்படியே விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான். மேலிருந்து இறங்கும் சிக்னல் நமக்கு மட்டும் வருவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் எல்லார் கூரை மேலும் விழுகிறது. சில நூறு டாலர் டிவி கருவிகளை வைத்தே அதை ஒட்டுக்கேட்க முடியும் என்று ஆக்ஸ்ஃபோர்டின் ஜேம்ஸ் பாவுர் 2020-ல் காட்டினார். அதைப் படித்த அன்று எங்கள் டிராஃபிக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிரவுசர், இணையதளத்தோடு பேசுவதைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸால் தப்பித்தது. ஆனால் சரக்கு இருப்பைப் பார்க்கும் பழைய மென்பொருள் பாஸ்வேர்டைப் பூட்டாமல் பச்சையாக அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் மெயிலும் விபிஎன் வழியாக, மெதுவாகத்தான் போகின்றன. மென்பொருள் அப்டேட்கள் மட்டும் விபிஎன்னுக்கு வெளியே.

அப்புறம் மோடம். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே அட்மின் பாஸ்வேர்டு இருந்தது. இரண்டு வருடம் யாரும் மாற்றவில்லை, நான் உட்பட. மாற்றினாலும் முழு நிம்மதி இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணைய நெட்வொர்க் தாக்கப்பட்டபோது, செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் வழியே தரையிலிருந்த நிர்வாக நெட்வொர்க்குக்குள் நுழைந்து, பல்லாயிரம் மோடம்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. அந்த மாதிரி தாக்குதலுக்கு என் பக்கம் மருந்தே கிடையாது. மாற்று இணைப்பு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதனால் போன வருடம் தாழ்வட்டப் பாதைச் சேவை (பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியான இணையம்) ஒன்றையும் சேர்த்தோம். சுமார் 550 கிலோமீட்டர் உயரம்தான் என்பதால் விபிஎன் போட்டாலும் வலிக்கவில்லை. டிஷ்ஷுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் மென்பொருள்) தானாகவே அப்டேட் ஆகிறது. உள்ளே என்ன மாறுகிறது என்று பார்க்க வழியில்லை என்பது எனக்குப் பிடிக்காத விஷயம். இதே வகைச் சேவையான ஸ்டார்லிங்கின் டிஷ்ஷையே சுமார் 25 டாலர் செலவில் செய்த ஒரு சிறு சர்க்யூட்டால் ஏமாற்றி உள்ளே போக முடியும் என்று பெல்ஜிய ஆய்வாளர் லென்னர்ட் வவுட்டர்ஸ் 2022-ல் செய்து காட்டினார். அதற்கு டிஷ் கைக்குக் கிடைத்து, அதைப் பிரிக்க வேண்டும். எங்கள் மொட்டைமாடிக் கதவுக்குப் போன மாதம்தான் பூட்டு வாங்கினேன்.