எஸ்.டி. எடிட்டை எச்.டி. ஆக்குவது: மாஸ்டரைப் பெரிதாக்குவதா, எடிட்டையே திரும்பக் கட்டுவதா, ஏ.ஐ.யிடம் விடுவதா?

பழைய டி.வி. தரமான எஸ்.டி.யில் செய்த எடிட்டை உயர்தெளிவான எச்.டி.யாக மாற்ற வேண்டும் என்றதும் எந்த மென்பொருள் நல்லது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன் அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது. முடித்துக் கொடுத்த மாஸ்டர் மட்டும் மிஞ்சியிருக்கிறதா? எடிட் மென்பொருளில் செய்த வெட்டுகளையெல்லாம் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் ஃபைலும் மூல கேசட்டுகளும் இருக்கின்றனவா? எந்த வழி என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. பால் (PAL) என்ற பழைய டி.வி. முறையில் ஒரு ஃபிரேம் 720 x 576, முழு எச்.டி. 1920 x 1080. பிக்சல் எண்ணிக்கை சரியாக ஐந்து மடங்கு. இன்னொரு பழைய டி.வி. முறையான என்.டி.எஸ்.சி.யின் 720 x 480 என்றால் ஆறு மடங்கு. அகலத்திரைப் படத்தைப் பெரிதாக்கினால், திரையில் தெரிவதில் பெரும்பகுதி ஊகித்து நிரப்பியதுதான்.

மாஸ்டரை அப்படியே பெரிதாக்குவதில் உழைப்பு குறைவு. வெட்டு, கலர், ஒலி எதுவும் மாறாது. ப்ராஜெக்ட் தொலைந்துபோனவர்களுக்கு வேறு வழியும் இல்லை. இதில் லான்சோஸா, ஸ்ப்லைனா என்று, படத்தைப் பெரிதாக்கும் கணக்குமுறையான ஸ்கேலரைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததில்லை. படத்தைக் கெடுப்பதும் காப்பதும் டீஇன்டர்லேஸ்தான். இன்டர்லேஸ் ஃபிரேமுக்குள் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள வரிகளைக் கொண்ட இரண்டு ஃபீல்டுகள் இருக்கும், அவற்றைப் பிரித்து முழுப் படங்களாக்குவதே டீஇன்டர்லேஸ். பால் முறையில் அவற்றுக்கிடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. கையசைக்கும் ஒருவரை நிறுத்திப் பார்த்தால் விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். அதைப் பிரிக்காமல் பெரிதாக்கினால் அந்தப் பல்லும் பெரிதாகி மங்கி, படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த ஃபில்டராலும் சுத்தமாக எடுக்க முடியாது.

இதற்கான ஃபில்டர்களில் யாடிஃப் வேகமானது, அவசரத்துக்கு உதவும். ஏவிசிந்த் என்ற மென்பொருளில் ஓடும் க்யூ.டி.ஜி.எம்.சி. மெதுவானது, ஆனால் மெல்லிய கோடுகள் துடிக்காமல் நிற்கும். நேரம் இருந்தால் இரண்டாவதுதான். நொடிக்கு 25 ஃபிரேமாகச் சுருக்காமல் 50 ஆகவே வைத்தால் அசைவின் வழவழப்பும் போகாது.

மாஸ்டரில் இன்னொரு தொல்லை, எல்லாம் கலந்து கிடப்பது. ஒரு ஷாட் இன்டர்லேஸ், அடுத்தது ஃபீல்டுகளைக் குழைத்துச் செய்த ஸ்லோமோஷன், அதன் மேல் ஒரு டைட்டில். மூன்றுக்கும் ஒரே செட்டிங் பொருந்தாது. என்.டி.எஸ்.சி.யில் 24 ஃபிரேம் படத்தை 3:2 புல்டவுனில் (ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபீல்டு, அடுத்ததற்கு இரண்டு என்ற வரிசையில்) ஏற்றி, பிறகு வெட்டியிருந்தால், அந்த 3:2 வரிசை வெட்டுக்கு வெட்டு உடையும். மென்பொருள் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

ப்ராஜெக்ட் திறக்கிறதா? அப்படியானால் என் ஓட்டு எடிட்டைத் திரும்பக் கட்டுவதற்கே. மூலமும் எஸ்.டி.தான் என்றாலும் சரி. ஒவ்வொரு கிளிப்பையும் தனித்தனியாக டீஇன்டர்லேஸ் செய்து எச்.டி. டைம்லைனில் வைக்கலாம். ஒரு ஷாட் அடுத்ததில் கரையும் டிசால்வுகள் புதிதாகக் கணக்காகும். டைட்டில்களை 1080இலேயே அடிக்கலாம். எழுத்து கூர்மையாக இருந்தால் பின்னால் இருக்கும் படத்தின் மங்கலைக் கண் பாதி மன்னித்துவிடும்.

மூலமே எச்.டி. என்றால் யோசிக்கவே வேண்டாம். எச்.டி.வி. (HDV) கேமராக்கள் வழக்கமான மினி டி.வி. (MiniDV) கேசட்டிலேயே 1440 x 1080 பதிவு செய்தன. அப்போதைய கணினி தாங்காது என்று, கேமராவே எஸ்.டி. தர டி.வி. (DV) வடிவமாகக் குறைத்துத் தர, அதை எடிட் செய்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கேசட்டைத் திரும்ப கேப்சர் செய்தால் (கணினியில் ஏற்றினால்) நிஜமான எச்.டி. கிடைக்கும். ஃபிலிமில் எடுத்ததற்கும் இதே கதைதான். ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்து வீடியோவில் எடிட் செய்திருந்தார்கள். 2012இல் வெளிவரத் தொடங்கிய ப்ளூ-ரேக்காக நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து, ஏழு சீசனையும் வெட்டு வெட்டாகத் திரும்பக் கோத்தார்கள். வீடியோவில் செய்திருந்த கிராபிக்ஸ் காட்சிகளையும் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. அத்தனை பணம் எல்லோரிடமும் இருக்காது.

எடிட்டைத் திரும்பக் கட்டும் வழியின் வலி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்ணான டைம்கோடில் இருக்கிறது. எடிட்டின் வெட்டுப் பட்டியலான ஈ.டி.எல். ஃபைலில் ஒரு வெட்டுக்கு ஒரு வரி: ரீல் பெயர், மூலத்தில் தொடக்கம் முடிவு, எடிட்டில் தொடக்கம் முடிவு. எல்லா கேசட்டுக்கும் ‘001’ என்றே பெயர் வைத்து கேப்சர் செய்திருந்தால் அந்த வரியால் பயனில்லை. ஷூட்டிங் நடுவே டேப்பில் வெற்றிடம் விழுந்திருந்தால் கேமரா டைம்கோடை 00:00:00:00இலிருந்து மறுபடி தொடங்கியிருக்கும், ஒரே கேசட்டில் ஒரே எண் இரண்டு இடத்தில் வரும். அப்போது பழைய மாஸ்டரைக் கீழ் டிராக்கில் போட்டு, கண்ணால் பார்த்துப் பொருத்துவதுதான் வழி. இல்லாமல் போன பிளக்-இன் எஃபெக்ட்டுகளையும் அப்படித்தான் மறுபடி செய்ய வேண்டும்.

ஏ.ஐ. விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். படத்தைப் பெரிதாக்கும் டோபாஸ் போன்ற ஏ.ஐ. மென்பொருள்கள் நெருக்கமான முகங்களில் அசத்துகின்றன, மறுக்கவில்லை. கூட்டப் படத்தின் பின்வரிசையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து பிக்சலில் இருந்த முகத்துக்கு யாருடையதோ கண்ணும் பல்லும் முளைத்திருக்கும். தூரத்துப் பெயர்ப்பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து வரும். குடும்ப வீடியோவிலும் ஆவணப்படத்திலும் இது ஏற்கத்தக்கதல்ல. கிளிப் கிளிப்பாக, ஏ.ஐ.யின் தீவிரத்தைக் குறைத்து வைத்து, டீஇன்டர்லேஸுக்குப் பிறகு பயன்படுத்தினால் உதவும்.

எந்த வழியானாலும் நிறத்தைக் கவனியுங்கள். நிறத்துக்கான தரநிலை எஸ்.டி.க்கு ரெக். 601, எச்.டி.க்கு ரெக். 709. மாற்றாமல் விட்டால் சிவப்பும் பச்சையும் லேசாகத் திரியும். 4:3 படத்தை இழுத்துத் திரையை நிரப்பாதீர்கள். 1440 x 1080இல் வைத்து, இருபுறமும் கறுப்பு விட்டால் போதும்.

முழுதாக ரெண்டருக்குப் போடுமுன் கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட், ஒரு டிசால்வ், ஒரு டைட்டில், பின்வரிசை முகங்கள் எல்லாம் வரும்படி ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து, முடிந்த வழிகளில் எல்லாம் போட்டுப் பாருங்கள். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். டி.வி.யில் ஓடவிட்டு, உட்கார்ந்து பார்க்கும் தூரத்திலிருந்து பாருங்கள்.