ஆயில் அளவு: டிப்ஸ்டிக்கா, கண்ணாடியா?

என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்க்க டிப்ஸ்டிக், அதாவது மூடியோடு சேர்ந்த அளவுக்குச்சி, இருந்தது. இப்போது ஓட்டும் வண்டியில் எஞ்சினின் அடிப்பகுதியில், ஆயில் மட்டத்தை வெளியிலிருந்தே பார்க்கும்படி, மேல், கீழ் எல்லைகளுக்கு இரு குறிகளோடு ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. இரண்டோடும் சில ஆண்டுகள் பழகிய பிறகு என் ஓட்டு கண்ணாடிக்கே.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் கீழே வடிய இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்து, சமதளத்தில் பார்க்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. கண்ணாடிக்கு மூடியைத் திறக்க வேண்டாம், குச்சியைத் துடைக்கத் துணியும் வேண்டாம்.

டிப்ஸ்டிக்கில் நான் சறுக்கிய இடம் வேறு. சில வண்டிகளில் அதைத் திருகி முடுக்கிய பிறகு அளக்க வேண்டும்; பலவற்றில் திருகாமல் துளையின் விளிம்பில் உட்கார வைத்தாலே போதும். கையேட்டைப் பிரிக்காமல் பல மாதங்கள் திருகியே அளந்தேன். குச்சி கூடுதலாக உள்ளே இறங்கியதால், ஆயில் குறைந்திருந்தும் நிறைந்திருப்பதாகவே காட்டியது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வண்டியின் சாய்வுதான். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் ஆயிலும் அந்தப் பக்கமாக ஒதுங்குகிறது. டிப்ஸ்டிக்கோ கண்ணாடியோ பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால், உள்ளதைவிடக் குறைவான அளவே தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கலாம். மிகையான ஆயில் காற்றுப்போக்கிக் குழாய் வழியே ஏர் ஃபில்டரையும் நனைக்கலாம். சாய்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கில் படியும் ஈரக்கோடு, நிமிர்ந்த நிலையில் படியும் கோட்டைப் போலவே இருக்கும். பிழை நடந்ததற்கு அடையாளமே இராது. கண்ணாடியிலோ, வண்டியை நிமிர்த்த நிமிர்த்த ஆயில் கோடு கண்ணெதிரே ஏறுவதையும், நேராக நின்றதும் ஓரிடத்தில் அமைவதையும் பார்க்கலாம். தரை முன்பின்னாகச் சரிந்திருந்தால், அந்தக் கோடே இரு குறிகளுக்கும் இணையாக இல்லாமல் சாய்ந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

துணைக்கு ஆள் இல்லாதபோது, கைப்பேசியைக் கண்ணாடிக்கு எதிரே தரையில் சாய்த்து வைத்துப் பதிவை ஓடவிட்டு, இருக்கையில் அமர்ந்து வண்டியை நிமிர்த்திப் பிடித்துவிட்டுப் பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கிறேன். ஒரு கையால் வண்டியைத் தாங்கி மறு கையால் டிப்ஸ்டிக்கை இறக்கும் சர்க்கஸைவிட இது எவ்வளவோ மேல். சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியானால் இந்தச் சாதகத்தில் பாதி கரைந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக்கும் குறை உண்டு. நாளடைவில் உட்புறம் கறை ஏறி, கறை எது ஆயில் எது என்று தெரியாமல் போகலாம். ஆயில் கண்ணாடிக்கு மேலே போனாலும் கீழே போனாலும் கோடே தெரியாது. புதிய, தெளிந்த ஆயிலில் இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். அப்போது வண்டியை இருபுறமும் மெல்ல ஆட்டினால் கோடு அசைந்து கண்ணில் படும். ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கவும், பெட்ரோல் வாடை கலந்திருக்கிறதா என்று முகர்ந்து அறியவும் டிப்ஸ்டிக்தான் வசதி.

இவையெல்லாம் எஞ்சினின் அடித்தொட்டியிலேயே ஆயில் தங்கும் வண்டிகளுக்குப் பொருந்துபவை. நான் ஓட்டியவை இரண்டும் அந்த வகையே. தனித்தொட்டியில் ஆயிலை வைத்திருக்கும் எஞ்சின்களில், வண்டி நெடுநேரம் நின்றால் ஆயில் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் கசிந்து இறங்கிவிடக்கூடும் என்பதால், நன்கு சூடேற ஓட்டிய பிறகு கையேடு சொல்லும் நேரத்துக்குள் அளக்க வேண்டும்.