டார்ஜிலிங்கா, சிம்லாவா? நீராவி ரயிலில் ஏறவும் படமெடுக்கவும்

நேரோ கேஜ், அதாவது மிகக் குறுகிய தண்டவாளத்தில் ஓடும் நீராவி ரயில் என்றால் நம் ஊரில் முதலில் ஊட்டி ரயிலைத்தான் சொல்வார்கள். அது ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜ், இந்தக் கணக்கில் சேராது. நான் கும்பலோடு சார்ட்டர் ரயிலில், அதாவது ரயிலையே வாடகைக்கு எடுத்துப் போய்ப் படமெடுத்த பாதைகள் இரண்டுமே வடக்கே இருக்கின்றன: இரண்டடித் தண்டவாளத்தில் ஓடும் டார்ஜிலிங், இரண்டரை அடி கல்கா–சிம்லா. எதற்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், படமெடுக்கவா, உட்கார்ந்து போகவா என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

படத்துக்கு டார்ஜிலிங்தான், யோசிக்கவே வேண்டாம். 1881-இல் டார்ஜிலிங் வரை ஓடத் தொடங்கிய இந்தப் பாதையை ஏற்கெனவே இருந்த வண்டிச் சாலையை ஒட்டியே போட்டார்கள். ரயில் ஆமை வேகத்தில் ஏறும். ஒரு வளைவில் படம் எடுத்துவிட்டு, ஜீப்பில் ஏறி ரயிலை முந்தி, அடுத்த வளைவில் டீ குடித்துக்கொண்டே காத்திருக்கலாம். வழியிலுள்ள குர்சியாங் ஊரில் கடை வாசலை உரசுவதுபோல் ரயில் போகும்.

அங்கே ஓடும் பி வகுப்பு நீராவி எஞ்சினும் படத்துக்கென்றே செய்தது போலிருக்கும். ஓட்டுநர் அறைக்கு முன்னால் நிலக்கரிப் பெட்டிமேல் ஒருவர் குந்தி உட்கார்ந்து கரியை உடைத்துக்கொண்டே வருவார். எஞ்சினின் முகப்பில் இன்னும் இரண்டு பேர், சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் கையாலேயே மணலைத் தூவுவார்கள். விரல்கள் விரிந்து மணல் இறங்கும் அந்த நொடி ஒரே ஒரு படத்தில் எனக்கு மாட்டியது. மற்றதெல்லாம் கலங்கல். 1919-இல் கட்டிய, ரயில் வட்டமடிக்கும் பதாசியா வளைவில், கஞ்சன்ஜங்கா பின்னணியில், எல்லாரும் எடுக்கும் படத்தை நானும் எடுத்தேன். காலண்டருக்கு ஆகும், அவ்வளவுதான். சோனாடா ஸ்டேஷன் பனிமூட்டத்தில் எஞ்சின் விளக்கு மட்டும் தெரிய எடுத்ததுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் அதே ரயிலுக்குள் உட்கார்ந்தால் கதை வேறு. முன்னால் ஓயாத விசில், பக்கத்தில் லாரி ஹாரன், டீசல் புகை. டார்ஜிலிங்குக்கு முந்தைய ஸ்டேஷனான கூம் வருவதற்குள் தலை வலித்துவிட்டது.

சிம்லாவில் இது அப்படியே தலைகீழ். அங்கே 1905-இல் கிளாஸ்கோவில் செய்த கேசி 520 எஞ்சின். சார்ட்டர் வழக்கமாகச் சிம்லாவிலிருந்து கைத்லிகாட் வரை 22 கிலோமீட்டர்தான் போகும். அடுக்கடுக்காக ஆர்ச்சுகள் கொண்ட அந்தப் புகழ்பெற்ற கனோ பாலம் அதற்கும் அப்பால், அடுத்த ஸ்டேஷனையொட்டி இருக்கிறது. மேப்பை ஒழுங்காகப் பார்க்காமல் அந்தப் பாலத்துக்காகவே பெரிய லென்ஸைச் சுமந்துகொண்டு போன முட்டாள் நான். சாலை எங்கோ போகிறது, ரயில் தேவதாரு மரங்களுக்குள் எங்கோ போகிறது, துரத்திப் பிடிக்க வழியில்லை. ரயிலை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, பின்னுக்குப் போய் மறுபடி புகை கக்கிக்கொண்டு வரச் சொன்னால்தான் படம். அதிலும் பாதியில் முன்னால் நின்றவரின் தொப்பி.

ஆனால் பயணம்! டார்ஜிலிங் பாதையில் சுரங்கமே கிடையாது, வளைந்தும், சில இடங்களில் பின்வாங்கி மறுபடி முன்னேறியுமே மலையேறுகிறது. கல்கா–சிம்லாவில் சுரங்கங்கள் நூறைத் தாண்டும். தாராதேவி சுரங்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இருட்டில் நுழைந்ததும் எஞ்சின் மூச்சு சுவரில் மோதித் திரும்பி நெஞ்சில் இடிக்கும். எதிர் ஸீட்காரர் ஜன்னலை மூட மறந்துவிட்டார். கந்தக வாடை, கண் எரிச்சல், ஆளாளுக்கு இருமல். வெளியே வந்தபோது குளிர்ந்த மரவாசனை முகத்தில் அறைந்தது. அடுத்த சுரங்கத்துக்கும் யாருக்கும் ஜன்னலை மூட மனமில்லை.

செலவு? டார்ஜிலிங்–கூம் ஜாய் ரைடில், அதாவது சுற்றுலாப் பயணிகளுக்கான குட்டிப் பயணத்தில், தனியாளாகவே டிக்கெட் எடுத்து நீராவி ரயிலில் ஏறலாம். சிம்லாவில் பெரும்பாலும் ரயிலையே வாடகைக்கு எடுக்க வேண்டும், கூட்டு சேர ஆள் தேட வேண்டும். அடுத்த முறைக்கு நான் ஆறு பேரைப் பிடித்துவிட்டேன். பெரிய லென்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும்.