விதை போட்டு வெங்காயத்தாள்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

குமிழ் வைக்காமல் தாளுக்காகவே வளர்கிற வெங்காய ரகத்தைச் சில வருடங்களாக விதை போட்டுத்தான் வளர்க்கிறேன். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. ஒரு வெங்காயத்தை மண்ணில் ஊன்றினால் ஒரே வாரத்தில் பச்சை தலைகாட்டும், விதைச் செடியோ கத்தரிக்கோல் படும் அளவுக்கு வளரவே இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஊன்றிய வெங்காயம் சில அறுப்பிலேயே ஓய்ந்துவிடும், இது பக்கத்தில் கன்று விட்டுத் தூர் கட்டி வருடக்கணக்கில் நிற்கும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

பாதி வெற்றி விதையிலேயே இருக்கிறது. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடம் தாண்டினாலே முளைப்புத் திறன் மளமளவென்று இறங்கும். அதனால் பாக்கெட்டில் படத்தைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு தடவை தாள் ரகம் என்று எழுதிய பாக்கெட்டில் சாதா வெங்காய விதையே வந்தது. கண்டுபிடிப்பது சுலபம்: இலையைக் குறுக்கே நறுக்கினால் தாள் ரகம் முழு வட்டமாக இருக்கும், குமிழ் வெங்காய இலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். மிதமான வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், கடும் வெயில் காலத்தில் போட்டால் பாதிதான் தேறும். முளை நேராக வராது, கொண்டை ஊசி போல மடங்கி வெளியே வந்து, அப்புறம் மெல்ல நிமிரும். நுனியில் கறுப்பு விதைத்தோல் தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பிடுங்கிவிடப் போகாதீர்கள், தானாக விழும். அடுத்த சில வாரங்கள் பார்க்கப் புல் மாதிரியே இருக்கும். களை எடுக்க வேறு யாரையும் விடாமல் இருப்பது நல்லது!

இந்தப் பருவத்தில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான், அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். வேர் மேலாக ஓடுவதால் மண் முழுக்கக் காயவும் கூடாது, எனவே கொஞ்சமாக, அடிக்கடி ஊற்ற வேண்டும். நாற்று பென்சிலில் பாதிப் பருமன் வந்ததும் நாலு விரல் இடைவெளியில் மாற்றி நடுகிறேன். வெள்ளைத் தண்டு நீளமாக வேண்டுமென்றால் வளர வளர மண் அணைத்துக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பச்சைதான் முக்கியம் என்பதால் அதில் மெனக்கெடுவதில்லை.

அறுக்கும்போது அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் நடுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு கை மக்கிய உரம் போட்டால் தாள் தடிமன் குறையாது. நிழலில் வைத்த தொட்டியில் என்ன உரம் போட்டாலும் நூல் நூலாகத்தான் வருகிறது. வறண்ட நாட்களில் இலையில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன் என்று அர்த்தம். தண்ணீரை இலை மேல் வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே கணிசமாகக் குறையும், மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

பூந்தண்டு கிளம்பினால் அந்தத் தண்டு முற்றிக் கடினமாகும், தாளுக்கு ஆகாது. நான் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைப்பேன், தேனீக்கள் மொய்க்கும். பூங்கொத்தில் கறுப்பு விதை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் தலையை வெட்டிக் காகிதப் பைக்குள் கவிழ்த்துக் காயவைத்தால் அடுத்த விதைப்புக்குப் புது விதை தயார். தள்ளிப்போட்டால் எல்லாம் மண்ணில் கொட்டிவிடும்.