சைலன்ஸர் வெடிக்கிறது என்று போய் 3,800 ரூபாய் விட்ட கதை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே என்ன சொல்லி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

என்னுடையது 2014 மாடல் பைக், 350 சிசி. பள்ளத்தூரிலிருந்து தினமும் தேவகோட்டைக்குப் போய் வருகிறேன். ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்ஸரில் பட் பட்டென்று வெடி. எதிர்வீட்டு ஆச்சி, "என்னப்பா, அதுக்குள்ள தீவாளி வந்துருச்சா?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

தெரிந்தவர் ஒருவர் சொன்னாரே என்று காரைக்குடியில் அந்தப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. குனிந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஹெட்டுக்கு, அதாவது இஞ்சினின் தலைப்பகுதிக்குப் போகும் குழாயைத் தட்டிக் காட்டினார். "அண்ணே, பொல்யூஷனுக்குப் பயந்து கம்பெனிக்காரன் வச்ச சாமான் இது. இஞ்சினுக்குப் போற காத்தை இது திருடுது. கழட்டி விட்டா வெடியும் நிக்கும், பிக்கப்பும் ஏறும், லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கூடவே குடுக்கும்." கூலியோடு 3,800 ரூபாய். சரி என்று தலையாட்டிவிட்டேன். புத்தி அப்போது எங்கே போயிற்றோ!

அந்தச் சாமான் என்ன செய்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இஞ்சினுக்குள் போகும் காற்றை அது தொடுவதே இல்லை. புகை வெளியேறும் வாயில் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் அழுத்தம் இறங்கும். அந்த இழுப்பில் ஒரு வழி வால்வு வழியாகக் கொஞ்சம் சுத்தமான காற்று அங்கே போகும். எரியாமல் வரும் பெட்ரோலும் கார்பன் மோனாக்ஸைடும் அந்தக் காற்றில் எரிந்து குறையும். வேலை முழுக்க எரிந்து முடிந்த பக்கத்தில்தான். அதைக் கழற்றினால் பிக்கப் எங்கிருந்து வரும், மைலேஜ் எங்கிருந்து வரும்? ஆக்ஸிலரேட்டரை மூடும்போது அந்தக் காற்றால் வெடி வரக்கூடும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் இன்டேக்கிலிருந்து, அதாவது இஞ்சினுக்குள் காற்று போகும் பாதையிலிருந்து, ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் வந்து, அந்த நேரத்தில் வால்வை மூடுகிறது.

கழற்றிய முதல் வாரம் வெடி குறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் 36 கொடுத்த வண்டி 29-க்கு இறங்கியது. அப்புறம் புகைச் சான்றிதழ் முடிந்து டெஸ்டுக்குப் போனால், கார்பன் மோனாக்ஸைடு வரம்பு 3.5 சதவீதம், என் வண்டி 4.8. வெடியை அமுக்குவதற்காக அந்தப் பட்டறைக்காரர் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறார். சட்டப்படியும் இது வம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், தேவகோட்டை ரஸ்தா தாண்டியதும் வண்டி தானாக உறும ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் இறங்கவில்லை. இஞ்சின் சூடு தொடையில் அடித்தது. மறுநாள் தேவகோட்டையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றுமே பேசாமல் இன்டேக் பக்கம் விரலை விட்டு ஓரிடத்தை அழுத்தினார். உறுமல் அப்படியே அடங்கியது. விரலை எடுத்தார், மறுபடி உறுமியது. வேக்குவம் குழாய் இருந்த இடத்தை அடைக்க, சைக்கிள் வால்டியூபை மடக்கிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள்! சூட்டில் அது வெடித்து, அந்த ஓட்டை வழியாகக் கள்ளக் காற்று போயிருக்கிறது.

ஃபில்டர் பெட்டியில் குழாய் இருந்த ஓட்டைக்கு இன்சுலேஷன் டேப். அதுவும் பாதி பிரிந்து தொங்கியது. ஃபில்டரைத் தாண்டிய பக்கத்து ஓட்டை அது. நம்ம ஊர்ச் செம்மண் தூசி நேராக கார்புரேட்டருக்குப் போயிருக்கிறது. ஹெட்டில் குழாய் இருந்த இடத்தை மூட ஒரு தகரத்துண்டு, பேஸ்ட் தடவி ஒட்டியது, சுற்றிலும் கரி.

சரி, முதலில் வந்த வெடிக்குக் காரணம்? ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்ஸர் ஹெட்டில் சேரும் கழுத்தருகே கையைக் காட்டச் சொன்னார் பெரியவர். புஸ் புஸ்ஸென்று காற்று பட்டது. அந்த இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போய்த்தான் வெடி. புதுசு போட்டுக் கூலியோடு 250 ரூபாய்.

கழற்றிய சாமான்களைக் கேட்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். "அதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சுண்ணே" என்றார். வால்வும் இரும்புக் குழாயும் குப்பைக்கா போகும்? மதுரையில் பழைய செட் ஒன்று தேடிப்பிடித்து 1,400-க்கு வாங்கிப் பெரியவரிடமே மாட்டினேன். இப்போது டெஸ்டில் 2.1. எந்தப் பட்டறையில் எதைக் கழற்றினாலும் அந்தப் பழைய சாமானை அங்கேயே, அப்போதே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை ஓடவிட்டுப் பார்க்காமல் காரணம் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போன வாரம் போன் செய்தேன். பணம் தர முடியாதாம். "வேணும்னா வண்டியைக் கொண்டாங்கண்ணே, ஒரு ஆயில் சேஞ்ச் ஃப்ரீயா பண்ணித் தர்றேன்" என்கிறார்.